என் ஆறு படங்களும் வழி அக்காவும்

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

என் பெரிய மனுஷிக்கு அம்மா எழுதுவது.

ஒன்றைப் பார்த்தோ, கேட்டோ, படித்தோ முடித்த பிறகு நாம் உண்மையிலேயே யோசித்தோமா, இல்லை யோசித்துவிட்டோம் என்ற திருப்தி மட்டும் வந்ததா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரியவில்லை. நீ கேட்டு அனுப்பிய கேள்விக்கு உட்கார்ந்து பதில் எழுதலாம் என்று காகிதத்தை எடுத்தால், அதற்கு முன்னால் இந்தக் கேள்வி வந்து வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. அது நிற்கட்டும். இங்கே அப்பாவின் இடது முழங்கால் ஒன்றைத் தவிர எல்லோரும் சுகம், அந்த முழங்காலும் மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் தன் கருத்தைச் சொல்கிறது. அங்கே நீ சுகமா என்பதைப் போனில் தெரியும் உன் முகத்தை வைத்து முடிவு செய்ய எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் அதில் நெற்றி மட்டும்தான் தெரிகிறது. நீயே எழுது. போனில் பேசினால் ஐந்து நிமிடத்தில் பதினோரு முறை சரிம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய், எண்ணிவிட்டேன், அதனால்தான் கடிதம்.

உன் அலுவலக இதழுக்காக ஒவ்வொருவரும் தன் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், பண்பாடு, குறியீடு, வடிவமைப்பு என்று எதைப் பற்றியாவது உங்களைச் சிந்திக்க வைத்த மூன்று விஷயங்களைப் பரிந்துரையுங்கள் என்று கேட்டு வாங்கித் தரவேண்டும் என்றாய். வீட்டுப் பெரியவர் வரிசையில் என்னைச் சேர்த்ததற்கு நன்றி, எனக்கு ஐம்பது ஆக இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், நான் இந்த வருடம் பார்த்ததும் கேட்டதும் படித்ததும் எல்லாமே நீ அனுப்பியவை. அவற்றையே உனக்குத் திருப்பிப் பரிந்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. ஆனாலும் விற்கிறேன், ஏனென்றால் உன் ஊசிகள் இங்கே எங்கெங்கே குத்தின என்று உனக்குத் தெரியாது.

முதலில் அந்த எட்டுப் பகுதி ஒலித்தொடர். குரலில் தேன் ஒழுகப் பேசும் அந்த மனிதர், கதவுக் கைப்பிடி, அம்புக்குறி, கழிப்பறை வாசலில் நிற்கும் ஆண் பெண் உருவங்கள் என்று ஒவ்வொன்றையும் எடுத்துவைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசுவாரே, அவரைத்தான் சொல்கிறேன். பஸ்ஸில் போகும்போது கேட்டேன். இதில் என்ன இருக்கிறது, அம்பு என்றால் அம்புதான் என்று முதல் இரண்டு நாள் மனதுக்குள் அவரோடு சண்டை போட்டேன். மூன்றாம் நாள், மிருகத்தைக் கொல்லச் செய்த ஒரு பொருள் எப்போது மனிதனுக்கு வழி சொல்லத் தொடங்கியது என்று அவர் கேட்டதும் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். வழி சொல்லும் குறியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வழியைத் தவறவிட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இந்தத் தொடரை நீ தாராளமாகப் பரிந்துரைக்கலாம், ஒரே ஒரு நிபந்தனை: கேட்டு முடித்த ஒரு வாரத்துக்கு யாரும் அலுவலகக் கூட்டத்தில் வாயைத் திறக்கக்கூடாது.

நான் திறந்துவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக அந்த ஆஸ்பத்திரியின் ஆவணப் பிரிவில் இருக்கிறேன், மாதக் கூட்டத்தில் நான் பேசிய மொத்த வார்த்தைகளை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். அன்றைக்குக் கண்காணிப்பாளர் தன் வழக்கமான புலம்பலில் இருந்தார். நான்கு காரிடார்கள் சேருகிற இடத்தில் கூட்டம் முட்டி நிற்கிறது, இத்தனை எழுத்துப் பலகை வைத்தும் ஒருத்தர்கூடப் படிக்கிறதில்லை என்றார். உடம்பு சரியில்லாதவர் எழுத்தைப் படிப்பதில்லை, குறியைத்தான் தேடுகிறார் என்று நான் சொன்னேன். சொன்னது நானில்லை, நான்காம் பகுதியில் அந்தத் தேன்குரல் மனிதர் சொன்னது. அவர் விடுகிற இடத்தில் மூச்சும் விட்டுச் சொன்னேன் என்று பிறகு பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்காணிப்பாளர், அடேங்கப்பா, இத்தனை நாளா இதையெல்லாம் எங்க வச்சிருந்தீங்க மேடம், அப்ப அந்தப் பொறுப்பை நீங்களே எடுத்துக்குங்க என்றார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

ஆறு அறைகளுக்கு ஆறு படங்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானே வரைந்தேன். நான் வரைந்த பூனையைப் பார்த்து ஐந்து வயதில் நீ பயந்து அழுததை அப்பா நினைவுபடுத்தினார், கண்டுகொள்ளவில்லை. எக்ஸ்ரே அறைக்கு ஒரு பெரிய எக்ஸ் போட்டேன், அதைவிடத் தெளிவாக யாரால் போட முடியும் என்று எனக்கு ஒரே பெருமை. மாட்டிய முதல் நாள் ஒரு ஆளும் உள்ளே போகவில்லை. பெருக்கல் குறி போட்டிருந்தால் உள்ளே வராதே என்றுதானே அர்த்தம், கை ஒடிந்தவர்கள் எல்லாம் வெளியிலேயே மரியாதையாக நின்றுகொண்டிருந்தார்கள். கண் பிரிவுக்கு ஒரு கண் வரைந்தேன், அங்கே கேமரா இருக்கிறது என்று எண்ணி எல்லோரும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு வேகமாகத் தாண்டிப் போனார்கள். காதைப் பார்த்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். இதயத்தின் கீழே இரண்டு இளசுகள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள், அவர்களுக்கு ஒரு நோயும் இல்லை. மருந்து வாங்குமிடத்துக்குப் போட்ட மாத்திரை மட்டும் சரியாக வேலை செய்தது, அதுவும் அங்கே அடிக்கிற மருந்து வாடையால் என்று நினைக்கிறேன்.

ரத்தப் பரிசோதனை அறையின் கதையைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அது நீ அனுப்பிய புத்தகத்தின் வேலை. நிறங்களைப் பற்றி ஐந்நூறு பக்கத்துக்கு ஒரு கனமான புத்தகம் அனுப்பினாயே, ஒரு இடத்தில் துக்கத்துக்கு உடுத்துகிற நிறத்தை இன்னொரு இடத்தில் கல்யாணத்துக்கு உடுத்துகிறார்கள் என்றெல்லாம் வருமே, அதை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் பலகை அச்சடிக்கிறவர் மாதிரித்தாளோடு வந்தார். துளியைச் சிவப்பில் போடச் சொல்லியிருந்தேன். மேடம், சிவப்பு வெயில்ல வெளுத்துரும், நீலம்னா நின்னு பேசும் என்றார். காரிடாருக்குள் ஏது வெயில் என்று கேட்கவேண்டியவள், நீலத்தின் மனநிலை பற்றிய அத்தியாயத்தில் மூழ்கியிருந்ததால் தலையைத் தூக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலை ரத்தம் எடுக்கும் அறை வாசலில் வரிசையாக மக்கள் காலி பாட்டிலோடு நின்றார்கள். இரண்டு லிட்டர் பாட்டிலோடு முதலில் நின்றவரைப் பார்த்து உள்ளே இருந்த பெண், ஐயோ, இவ்வளவெல்லாம் வேண்டாங்க, அஞ்சு மில்லி போதும் என்றிருக்கிறாள். அந்த மனிதர், அஞ்சு மில்லியை வச்சு நாக்கைக்கூட நனைக்க முடியாதேம்மா என்றாராம். அதனால் இந்தப் புத்தகத்தையும் பரிந்துரைக்கலாம், ஆனால் படிக்கும்போது எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது. இப்போது அப்பா அதைச் சமையலறை ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறார். நல்ல கனமான கருத்து என்கிறார்.

மூன்றாவது, அந்த நாற்காலி ஆவணப்படம். இரண்டு மணி நேரமும் வெறும் நாற்காலிகள்: அரசர் உட்கார்ந்தது, முடி வெட்டுகிறவர் கடையில் இருப்பது, காத்திருப்போர் பெஞ்சு. இதைப் பாராட்டிப் பேச எனக்கு அருகதை இல்லை, நடுவில் நாற்பது நிமிடம் தூங்கிவிட்டேன், நல்ல நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததுதான் காரணம். ஆனால் மறுநாள் வேலைக்குப் போனதும், புறநோயாளிகள் பெஞ்சு முழுவதும் பலகைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போடப்பட்டிருப்பது கண்ணில் பட்டது. இருபத்திரண்டு வருடம் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். பெஞ்சுகளைத் திருப்பிப் போடவைத்தேன். இந்த விவகாரம் முழுவதிலும் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான், அதற்கும் படம் வரையத் தெரியவேண்டியதில்லை. இந்தப் படத்தைப் பற்றி உன் சித்தியிடம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லித் தொலைத்தேன். சோபா என்பது சோம்பேறித்தனத்தின் சின்னம் என்று அதில் வரும் ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு அவள் தன் சோபாவை விற்றுவிட்டாள். இப்போது தரையில் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டு, எல்லாம் உன்னாலதான்க்கா, என்னைத் தூக்கிவிடவாவது வா என்று போன் செய்கிறாள். பரிந்துரை என்பது எவ்வளவு ஆபத்தான பொருள் என்று உன் இதழில் ஒரு வரி போடு.

என் ஆறு படங்களையும் மூன்று வாரம் திருத்தினேன். எக்ஸை எடுத்துவிட்டு விலா எலும்பு வரைந்தேன், அதை ஏணி என்று நினைத்து மாடிக்கு வழி இதுவா என்று கேட்டார்கள். மீன்கடைன்னுல்ல நெனச்சேன் என்றார் அப்பா. புள்ளியியல் படிச்சவளுக்கு ஒரு புள்ளி ஒழுங்கா வைக்கத் தெரியலையே என்று அவர் சொன்னது இந்தத் தெருவில் இப்போது எல்லோருக்கும் தெரியும். கடைசியில் ஒரு மாதிரி ஆறும் பார்க்கும்படி அமைந்தன. துளி சிவப்பானது, பக்கத்தில் ஊசி வந்தது. கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. தினமும் வேண்டுமென்றே அந்தக் காரிடார் வழியாகச் சுற்றிப் போய் என் படங்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வேன்.

இனி எழுதுவதுதான் என்னை ஒரு வாரமாகத் தூங்கவிடாத விஷயம். நான்கு காரிடார் சேரும் அந்த இடத்தில் ஒரு நாற்காலி போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். விசாரணை உதவியாளர் என்று ஒப்பந்தத்தில் பெயர், எல்லோரும் கூப்பிடுவது வழி அக்கா. என்னைவிட இரண்டு வயது சின்னவர், ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். சீட்டை வாங்கிப் பார்க்கக்கூட மாட்டார், ஆள் வருகிற நடையைப் பார்த்தே நேராப் போயி பச்சைக் கதவுல திரும்புங்கம்மா என்பார். பேசினால் நிறுத்தமாட்டார். அவர் வீட்டுக்காரருக்கு நிலையான வேலை கிடையாது, இந்த வேலைதான் அந்த வீட்டை நிற்க வைத்திருக்கிறது. போன வாரம் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, உங்க படம் நல்லா வந்திருக்கு மேடம், இனி அந்த அம்மாவுக்கு அங்க என்ன வேலை, மாசக் கடைசியில ஒப்பந்தம் முடியுது, விட்டுரலாம்ல என்றார். மூன்று வாரம் ஊசியும் துளியும் வரைந்தவளுக்கு, படம் பேச ஆரம்பித்தால் யார் வாய் மூடப்படும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை பார். எட்டுப் பகுதி கேட்டேன், ஐந்நூறு பக்கம் படித்தேன், இரண்டு மணி நேரத்தில் ஒன்றேகால் மணியாவது விழித்திருந்தேன். மேலே நான் கேட்ட கேள்வி எங்கிருந்து வந்தது என்று இப்போது உனக்குப் புரியும்.

சோதித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம் என்று மட்டும் சொன்னேன், அதுதான் என் படிப்புக்கு வரும் ஒரே பதில். நாளை திங்கட்கிழமை சோதனை. முதல்முறை வருகிற ஐம்பது பேருக்கு அடையாளச் சீட்டு கொடுப்போம், யாரையும் கேட்காமல் எத்தனை பேர் சரியான அறைக்குப் போய்ச் சேருகிறார்கள் என்று என் பிரிவு ஆட்கள் குறிப்பார்கள். முடிவை நான் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வழி அக்காவை அன்றைக்கு வீட்டில் இருக்கச் சொல்லலாம் என்றார் கண்காணிப்பாளர். ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். வழக்கமான இடத்திலேயே உட்காரட்டும், ஆனால் மாலை ஐந்து மணி வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது, கை நீட்டக்கூடாது என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமை அவர் என் மேசைக்கு வந்தார். நாளன்னைக்கு மறுநாள் நான் வாயைத் தொறக்கக்கூடாதாமே, வீட்டுல சொன்னா என் வீட்டுக்காரரு விழுந்து விழுந்து சிரிக்கிறாரு என்றார். போகத் திரும்பியவர், ஒண்ணு கேக்கட்டா மேடம், உங்க படம் ஜெயிச்சா நான் வீட்டுக்குப் போகணும், தோத்தா உங்களுக்கு அசிங்கம், இப்ப நான் யாருக்கு வேண்டிக்கிறது என்றார். நடப்பதைப் பார்ப்போம் என்று சொன்னேன். எத்தனை கோழைத்தனமான வாக்கியம் அது, அதையும் கோப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். உண்மையைச் சொன்னால், அவர் வேலை போகக்கூடாது என்று எனக்கு ஆசை, என் படங்கள் தோற்கக்கூடாது என்றும் ஆசை. இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்காதே, நாளை மாலை வரை நானும் என்னைக் கேட்கப்போவதில்லை.

உன் இதழுக்கு மூன்றும் ஆயிற்று. நான்காவதாக என் சொந்தப் பரிந்துரை ஒன்று, இது நீ அனுப்பியதில்லை: நம் வீட்டுக்குப் புதிதாக வாங்கிய துணி துவைக்கும் இயந்திரத்தோடு வந்த விளக்கத் தாள். பன்னிரண்டு படம், ஒரு எழுத்து கிடையாது. ஆறாவது படத்தில் ஒரு ஆள் தன் தலையை இயந்திரத்துக்குள் விட்டுப் பார்க்கிறார், அவர்மேல் ஒரு கோடு அடித்திருக்கிறது. இதை யார் எதற்காகச் செய்திருப்பார், செய்தவரை நேரில் பார்த்துத்தான் வரைந்தார்களா என்று நானும் அப்பாவும் ஒரு மாலை முழுவதும் பேசினோம். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் ஒரே விஷயத்தைப் பேசியது அதுதான் முதல் தடவை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கழுத்து வலிக்கிறது என்றாயே, அந்தத் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வை, வேண்டுமானால் நிறங்களைப் பற்றிய இன்னொரு புத்தகம் வாங்கி அதன்மேல் வை. உன் கூட வேலை பார்க்கும் அந்தப் பெண்ணோடு மறுபடி பேசத் தொடங்கினாயா என்பதை எழுது. பேசாமல் இருந்து ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான். உன் கை தொட்டது துலங்கட்டும், கண் பட்டது விளங்கட்டும், உடம்பும் மனசும் ஒன்றாக நன்றாக இருக்கட்டும். வங்கிக்கு அனுப்பவேண்டிய அந்தக் கையெழுத்துப் படிவத்தை மறக்காதே, மூன்றாம் தடவையாகச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பரிந்துரைக்கத் தகுதியில்லாத உன் அம்மா

திங்கட்கிழமை, இரவு ஏழு மணி

உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். நடந்தது இது.

பகல் பதினொன்றுக்குள் முப்பது பேர் வந்து இருபத்தேழு பேர் சரியாகப் போய்ச் சேர்ந்தார்கள். கண்காணிப்பாளர் வந்து கை கொடுத்தார். எனக்கு ஒரு நிமிடம் தலை கிறுகிறுத்தது, பெருமையில்தான். பிறகு படித்த படிப்பு உறுத்தியதால், கணக்கு மேசையை விட்டுப் போய்த் தூணோரம் நின்று பார்த்தேன். வருகிறவர்கள் நிமிர்ந்து என் படத்தைப் பார்த்தார்கள், கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள், அப்புறம் வழி அக்காவைப் பார்த்தார்கள். அவர் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். முகவாய் மட்டும் லேசாக இடது பக்கம் போனது. வந்தவர் இடது பக்கம் போனார். அடுத்தவருக்கு முகவாய் நேராக உயர்ந்தது. அவர் நேராகப் போனார். கிட்டே போய், அக்கா, முகவாயால காட்டுறீங்க என்று மெதுவாகச் சொன்னேன். கண்ணை அகல விரித்தார், அவருக்கே தெரியவில்லை. உடனே கையை எடுத்து முகவாயைப் பொத்திக்கொண்டார். அடுத்து வந்த முதியவருக்குப் புருவம் வழி சொன்னது.

தன் வேலையைத் தானே தீர்த்துக்கட்டிக்கொண்டிருந்தார், அதுவும் என் பெயரில். நான் அவரை அங்கே உட்கார வைத்ததே சோதனையின் பெரிய ஓட்டை, முதல் வருட மாணவி செய்யக் கூசுகிற தப்பு. சாப்பாட்டு நேரத்தில் அவரை அரை மணி நேரம் டீ குடிக்க அனுப்பினேன். அந்த அரை மணியில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். சரியாகப் போனவர்கள் நான்கு பேர், அதில் மூன்று பேர் தேடியது மருந்து வாங்குமிடம். அறிக்கையில் இரண்டையும் எழுதினேன்: அவர் இருந்தபோது மொத்தம் முப்பத்தெட்டில் முப்பத்து நான்கு, இல்லாதபோது பன்னிரண்டில் நான்கு, படங்கள் தனியாகப் பயன்படவில்லை, சோதனையை வகுத்ததும் படங்களை வரைந்ததும் கீழே கையெழுத்திட்டவரே. கண்காணிப்பாளர் இரண்டு தடவை படித்தார். முகவாயை எந்தப் பத்தியில மேடம் போடுறது என்றார். பதவியின் பெயரில் விசாரணை என்ற சொல்லை எடுத்துவிட்டு வெறும் உதவியாளர் என்று போட்டால் முகவாய், புருவம் எல்லாம் அடங்கும் என்றேன். சிரிக்கவில்லை, ஆனால் ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது.

உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு போய் வழி அக்காவிடம் நீட்டினேன். படித்தார். வாயைத் திறக்கவில்லை. மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது, சுவரில் இருந்த கடிகாரத்தைக் கண்ணால் காட்டினார். பக்கத்துப் பெஞ்சில் நானும் பேசாமல் உட்கார்ந்தேன். ஐந்து மணி ஆனதும் ஆரம்பித்தார். நான் வீட்டுக்கு வரும்போது ஆறே முக்கால்.